ஓடிபி ஊரில், ஆள் துபாயில்: மாநில வங்கியாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் பொறுப்பாளர்களுக்கும் அதில் உள்ள எல்லா வங்கிகளின் மண்டல அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியில் டைம்கீப்பர். யார் எத்தனை மணிக்கு சைட்டுக்கு வந்தார், எவ்வளவு ஓவர்டைம் பார்த்தார் என்று எழுதி வைப்பதுதான் என் உத்தியோகம். ஆனால் நாங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்பில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த, லேப்டாப் வைத்திருக்கிற ஆள் என்பதால் ஊர் வங்கியிலிருந்து என்ன தகவல் வந்தாலும் அது என் கட்டிலுக்கு வந்துவிடும். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, கடலூர், கள்ளக்குறிச்சி என்று பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். வங்கிகள் வேறு வேறு. குறை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அதைத்தான் எழுதுகிறேன்.

ரிசர்வ் வங்கிக்கே எழுதலாமே என்று அறையில் ஒரு அண்ணன் கேட்டார். விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை ஒழுங்காகத்தான் இருக்கின்றன. அவை கிளைக் கவுண்டருக்கு வந்து சேரும்போதுதான் காணாமல் போகின்றன. எல்லா வங்கிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேசும் இடம் உங்கள் குழு. அதனால்தான் உங்களுக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. குழுவைக் கூட்டும் பொறுப்பில் உள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டது. அடுத்து பினாங்கு. அன்னியச் செலாவணியையும் கடல் கடந்த வங்கித் தொழிலையும் குறிவைத்தே எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் அதைத் தொடங்கினார். வெளிநாடு போகிற தமிழனின் பணத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாக யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023-24-ல் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்த பணம் 118.7 பில்லியன் டாலர் என்கிறது ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் நமக்கு. அனுப்பும் நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்தது, நான் உட்கார்ந்து எழுதும் இந்த அமீரகம்தான், 19.2 சதவீதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செல்போன் எண்.

இங்கு வேலைக்கு வரும் ஆளுக்கு ஊரில் ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கும். அதில் பதிந்திருப்பது இந்திய எண். துபாயில் இறங்கி எமிரேட்ஸ் ஐடி (பழைய ஆட்கள் இன்னும் பத்தாக்கா என்றுதான் சொல்வார்கள்) கைக்கு வந்ததும் இங்குள்ள சிம் வாங்கிவிடுவார். ஊர் சிம்மை என்ன செய்வது? ரோமிங்கில் போட்டு வைத்தால் வங்கி மெசேஜ் வரும். ஆனால் சிம் உயிரோடு இருக்க வேண்டுமானால் தொடர்ந்து ரீசார்ஜ் செய்ய வேண்டும். மாதம் 1,000, 1,200 திர்ஹம் வாங்குகிறவர், யாரும் அழைக்காத சிம்முக்குக் கொஞ்ச நாள் பணம் போடுவார், அப்புறம் விட்டுவிடுவார். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் தொலைபேசி நிறுவனம் எண்ணை நிறுத்திவிடலாம். சில மாதம் கழித்து அந்த எண் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கும். நம் ஆளின் கணக்கில் வரவு வைத்த மெசேஜ் அவருக்குப் போகும். ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

இதற்குப் பயந்து பெரும்பாலானவர்கள் சிம்மை மனைவி போனில் போட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். அதன்பின் நடப்பதைச் சொல்கிறேன். இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலுக்காகப் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளிவேலை கிடையாது. ஆட்கள் போனை எடுப்பது அந்த நேரத்தில்தான். ஊரில் அப்போது மணி இரண்டு. தங்கையின் சீர்வரிசைக்கோ, நகைக்கடன் வட்டிக்கோ பணம் மாற்ற வேண்டும் என்று வங்கி ஆப்பைத் திறப்பார். ஓடிபி ஊருக்குப் போகும். மனைவி நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார், போன் வீட்டில் மகனிடம் இருக்கும், மகன் அதில் விளையாடிக்கொண்டிருப்பான். இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, தடை. போட்டிம் என்ற ஆப்பில் கூப்பிட வேண்டும், அல்லது மெசேஜ் போட்டுக் காத்திருக்க வேண்டும். பையன் பார்த்து ஆறு இலக்கத்தை அனுப்புவதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முயல்வார். மூன்றாவது முறை கணக்கு பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கக் கிளைக்கு வாருங்கள் என்று ஒரு மெசேஜ் வரும். அதுவும் ஊர் எண்ணுக்கு.

சிரிப்பாக இருக்கிறது என்று நினைக்கலாம். இதில் ஒரு கத்தி இருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், குடும்பத்தினரிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று எல்லா வங்கியும் நாள் தவறாமல் எச்சரிக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, மோசடியில் பணம் போனால் யார் பொறுப்பு என்று சொல்கிறது. வெளியாள் செய்த தில்லுமுல்லு என்றால் மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைப் பகிர்ந்திருந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுதும் அவர் தலையில். இப்போது யோசித்துப் பாருங்கள். வளைகுடாவில் இருக்கும் தொழிலாளி ஒவ்வொரு முறையும் ஓடிபியைப் பகிர்ந்துதான் தன் பணத்தையே தொடுகிறார். பகிராமல் தொட வழி இல்லை. நாளைக்கு ஒரு மோசடி நடந்தால், நீங்கள் பகிர்ந்தீர்கள் அல்லவா என்று கேட்பீர்கள். அவரும் ஆமாம் என்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் வெளிநாட்டு எண்ணையே பதியலாம். 2023 ஜனவரியில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் பத்து நாட்டு எண்களில் யூபிஐ போடலாம் என்று அனுமதித்தது. அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குறுஞ்செய்தி ஓடிபிதான் ஒரே வழி என்ற நிலையும் மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட, 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாக வைத்த விதி, இரண்டு படிச் சரிபார்ப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதற்கு வேறு வழிகளையும் வங்கிகள் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் இருக்கிறது. ஆனால் என் கேம்பில் வெளிநாட்டு எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களைத் தேடினால் இன்ஜினியர், ஃபோர்மேன், ஸ்டோர் மேனேஜர் மட்டும்தான் கிடைக்கிறார்கள். கம்பி கட்டுகிறவர், ஷட்டரிங் கார்பென்டர், பெயிண்டர் ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை என்று விசாரித்தால் பதில் கிளைக் கவுண்டரில் கிடைக்கிறது. எனக்கே நடந்தது. பெயர் வேண்டாம், ஒரு வங்கியில் பயணத்துக்கு முந்தைய வாரம் போய் நின்றேன். வேலைக்கு வெளிநாடு போகிறேன், கணக்கை மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். போய்ச் சேருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார் அந்த அம்மா. பக்கத்துக் கவுண்டர்க்காரர், என்ஆர்ஐ கணக்கெல்லாம் பெரிய சம்பளக்காரர்களுக்குத் தம்பி, உங்களுக்கு எதற்கு என்றார். இருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அங்கே வரிசையில் இருபது பேர் நின்றார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1999-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வேலைக்காக நாட்டை விட்டுப் போகிறவர், வருமான வரிக்குப் போல 182 நாள் கணக்கெல்லாம் பார்க்காமல், கிளம்பியதிலிருந்தே வெளிநாடுவாழ்பவர்தான். அவர் சம்பளம் 1,000 திர்ஹமா, 30,000 திர்ஹமா என்று சட்டம் கேட்பதில்லை. அவருடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும். மாற்றாமல் இருப்பது விதிமீறல். இதைச் சொல்ல வேண்டியவர், உங்களுக்கு எதற்கு என்று கேட்டால் சாதாரண மனுஷன் என்ன செய்வான்?

மாற்றியவர்களுக்கு வேறு மாதிரி குழப்பம். என்ஆர்இ என்றால் இங்கே சம்பாதித்ததை அனுப்பிப் போடும் கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, நினைத்தால் பணத்தை வெளிநாட்டுக்கே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். என்ஆர்ஓ என்றால் ஊரில் வரும் வாடகை, குத்தகை, நிலம் விற்ற பணம் போன்றவற்றுக்கு. அதன் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். ஒரு தம்பி இரண்டு வருஷம் இங்கே சேர்த்ததையெல்லாம் என்ஆர்ஓ-வில் வைப்புநிதியாகப் போட்டு வைத்திருந்தார். அதையே என்ஆர்இ-யில் போட்டிருந்தால் வட்டி முழுதும் கைக்கு வந்திருக்கும். கணக்கு தொடங்கிய அன்று ஒருவர் ஒரு நிமிஷம் செலவழித்துச் சொல்லியிருந்தால் போதும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொஞ்சம் திரும்பப் பெறலாம் என்று நான் சொன்னேன். பான் கார்டே ஊரில் பெட்டிக்குள் இருக்கிறது என்றார்.

இன்னொன்று, மனைவிமார் விஷயம். இதை வங்கியில் யாரும் பேசுவதே இல்லை. பலர் கணவன் மனைவி சேர்ந்த கணக்கு வைத்திருப்பார்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ‘எய்தர் ஆர் சர்வைவர்’ வகை. கணவர் வெளிநாடு போய்க் கணக்கு என்ஆர்ஓ ஆகிவிட்டால், உள்ளூரில் இருப்பவர் ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்ற முறையில்தான் சேர முடியும். முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும் வரை இரண்டாம் பெயர்க்காரர் தானாகப் பணம் எடுக்க முடியாது. அதற்குத் தனியாக ஓர் அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய ஆள் ஏற்கனவே துபாயில். பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வந்த பெண் கவுண்டரில் நின்று, போன வாரம் வரைக்கும் எடுத்தேனே என்று கேட்டுக்கொண்டிருப்பார். கணக்கை மாற்றும் படிவத்தோடு அந்தக் கடிதப் படிவத்தையும் சேர்த்துக் குத்தி வைக்கலாமே? ஒரு ஸ்டேப்ளர் பின் செலவு.

பலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நேராக மனைவியின் தனிக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். குடும்பச் செலவுக்கு அனுப்புவதில் தவறு எதுவும் இல்லை, அதுதான் இருப்பதிலேயே சுலபமும்கூட. ஆனால் பத்து வருஷம் பாலைவனத்தில் நின்ற ஆளுக்குத் தன் பேரில் ஒரு கணக்கு ஒழுங்காக ஓடவில்லை என்றால், திரும்பி வந்து கடன் கேட்கும்போது எதைக் காட்டுவார்? இங்கேயும் அவருக்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கு கிடையாது. 2009-லிருந்து அமீரகத்தில் சம்பளத்தை அரசின் ஊதியப் பாதுகாப்பு முறை வழியாகத்தான் தர வேண்டும். ஆனால் குறைந்த சம்பளக்காரர்களுக்கு அது எக்ஸ்சேஞ்ச் என்ற பணமாற்று நிறுவனம் தரும் ஒரு கார்டில் விழுகிறது. சம்பளம் விழுந்ததும் மெஷினில் உருவி, அதே எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று அனுப்பிவிடுவார்கள். ஆக இரண்டு நாட்டிலும் உழைத்தும், எந்த நாட்டு வங்கிக்கும் அவர் யாரோ.

அடுத்தது, கணக்கு தூங்கிப் போவது. வாடிக்கையாளர் இரண்டு வருஷம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயல்படாத கணக்கு ஆகிவிடும். வங்கி தானாகப் போடும் வட்டியைப் பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே வேலை ஒப்பந்தமும் இரண்டு வருஷம்தான். விமான டிக்கெட்டோடு லீவு கிடைப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு வருஷம் முடிந்துதான். ஆள் முதல் லீவுக்குப் பெட்டியோடு இறங்கும் நேரமும் கணக்கு முடங்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, நான் அறிவேன். ஆனால் லீவின் முதல் வாரம் கிளைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையே போய்விடுகிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி, இப்படித் தூங்கிய கணக்கை எழுப்பக் கட்டணம் வாங்கக் கூடாது, அதில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் போடக் கூடாது என்கிறது. 2025 ஜூனில் இன்னும் ஒரு படி போய், சொந்தக் கிளைக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை, அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் இதைச் செய்யலாம் என்றும் சொன்னது. நல்ல விதி. திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறவர் திருச்சியிலேயே ஒரு கிளையில் முடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறலாம். ஆனால், உங்கள் ஹோம் பிராஞ்சுக்குப் போங்க சார் என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை.

பத்து வருஷம் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் உரியவர் கேட்டால் கிடைக்கும். தேடிப் பார்க்க 2023-ல் உத்கம் என்ற இணையதளமும் வந்துவிட்டது. அதில் என் கேம்ப் ஆட்களின் பெயர் வராமல் இருந்தால் நல்லது.

கணக்கை எழுப்பத் தேவையான கேஒய்சியை, அதாவது அடையாளச் சரிபார்ப்பை, இங்கிருந்தபடியே முடிக்கலாமா என்று கேட்பீர்கள். வீடியோவில் முகம் காட்டி முடிக்கும் வசதி ஊரில் இருப்பவர்களுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. வெளிநாட்டு ஐபி முகவரியிலிருந்து வரும் வீடியோ இணைப்பைத் தடுக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. மோசடிக்காரர்களுக்குப் பயந்து போட்ட விதி. காரணம் புரிகிறது. நான் மேலே சொன்ன ஒன்றிரண்டில் இது ஒன்று. இதை நீங்கள் மாற்ற முடியாது, ஆனால் மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கிக்கு எழுத முடியும். கைரேகையும் முகமும் கொடுத்து, விசா வாங்கி, எமிரேட்ஸ் ஐடியும் பாஸ்போர்ட்டும் கையில் வைத்திருக்கும் ஆளை விட அடையாளம் உறுதியான ஆள் ஊரில்கூடக் கிடைப்பாரா என்பது என் சந்தேகம்.

அதுவரைக்கும் உள்ள வழி, ஆவண நகலில் சான்றொப்பம் வாங்கி அனுப்புவது. தூதரகம், இங்குள்ள நோட்டரி, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள், நம் வங்கியோடு தொடர்புள்ள வெளிநாட்டு வங்கிகள் என்று யார் சான்று தந்தாலும் ஏற்கலாம் என்பதே விதி. அமீரகத்தில் பாங்க் ஆஃப் பரோடாவுக்குக் கிளைகள் உண்டு. சிங்கப்பூரில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியுமே இருக்கின்றன. நடைமுறையில் ஊர்க் கிளை கேட்பது என்ன? தூதரக முத்திரை மட்டும். அதற்கு ஒரு நாள் வேலையை விட வேண்டும், ஜெபல் அலியிலிருந்து பர் துபாய் வரை போக வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் மறு கேஒய்சிக்கு ஒரு உறுதிமொழியே போதும், அதைப் பதிந்த மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றும் விதி இருக்கிறது. அனுப்பினேன், ஒரு தம்பிக்காக. நேரில் வரவும் என்று பதில் வந்தது. எதற்கு என்று எழுதவில்லை.

இப்போது உண்டியல் பற்றி, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்புவது பற்றி. நாசூக்காக மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. எங்கள் பக்கம் பலர் உண்டியலில்தான் அனுப்புகிறார்கள், உங்களுக்கும் அது தெரியும். ரேட்டில் சில பைசா கூடக் கிடைக்கிறது என்பதுதான் காரணம் என்று நினைத்தால் பாதிதான் சரி. எக்ஸ்சேஞ்சு ரேட்டும் இப்போது ஒன்றும் மோசமில்லை. திர்ஹம் 1997-லிருந்து டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்ட நாணயம், ரூபாய் விழுந்தால் எங்களுக்கு ஏறும், யார் மூலம் அனுப்பினாலும் அந்த லாபம் கிடைக்கும். உண்டியல்காரர் ஜெயிப்பது வேறு இடத்தில். இங்கே காசைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் ஊரில் வாசலில் வந்து நிற்கிறார். ஓடிபி கேட்பதில்லை, படிவம் கேட்பதில்லை, ஹோம் பிராஞ்ச் கேட்பதில்லை. வயதான அம்மாவிடம் மரியாதையாகப் பேசி எண்ணிக் கொடுக்கிறார்.

அது சட்டப்படி குற்றம், பிடிபட்டால் தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். இப்போது அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வந்திருக்கிறது. உண்டியல்காரர் கையில் கொடுக்காமல் கணக்கில் போட்டுவிடுகிறார், அந்தப் பணம் எங்கோ யாரோ இணைய மோசடியில் இழந்த பணமாக இருந்துவிடுகிறது. வேறு மாநிலத்துப் போலீஸ் புகாரின் பேரில் மனைவியின் கணக்கு முடக்கப்படுகிறது. பதில் சொல்ல வேண்டியவர் ஊரில் மாடு வைத்திருக்கும் பெண். ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கிளம்பும்போது ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் மச்சானிடம், நண்பனிடம், சில சமயம் ஏஜென்டிடமே கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்தக் கார்டு யார் யார் கைக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் உண்டியலை ஒழிக்க அமலாக்கத் துறை மட்டும் போதாது என்பது என் கருத்து. வங்கிக் கவுண்டர் ஓர் உண்டியல்காரர் அளவுக்காவது இறங்கி வர வேண்டும்.

அப்படி இறங்கி வந்த கவுண்டரையும் பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளையின் மேலாளர், பாஸ்போர்ட்டோடு யார் வந்தாலும் முதலில், பயணமா என்று கேட்பார். ஆமாம் என்றால் உட்கார வைத்து, என்ஆர்இ, என்ஆர்ஓ படிவம், மனைவிக்கான அதிகாரக் கடிதம், வாரிசு நியமனம் எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். போய் விசா அடித்து, அங்கே எண் வாங்கியதும் இந்த மின்னஞ்சலுக்கு இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். அவருடைய கிளையிலிருந்து வந்த ஆட்கள் என் கட்டிலுக்கு வருவதே இல்லை. அவர் எந்த விதியையும் மீறவில்லை. இருக்கிற விதியை முன்கூட்டியே செய்தார். மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்து வந்தவருக்கு இது எதுவும் தெரியாது.

நாங்கள் கேட்பது, அவர் ஒருவர் செய்ததை எல்லாக் கிளைக்கும் நடைமுறையாக்குங்கள் என்பதே. புறப்படும் முன் எல்லாக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, வெளிநாட்டு எண் வந்ததும் தூரத்திலிருந்தே பதியும் முறை ஒன்று வேண்டும். பதியும்போது சந்தேகம் வந்தால் அந்த எண்ணுக்கே கூப்பிட்டுக் கேளுங்கள், பாஸ்போர்ட் கேளுங்கள், எமிரேட்ஸ் ஐடி கேளுங்கள், கம்பெனிக் கடிதம்கூடக் கேளுங்கள், தருகிறோம். இருபத்தைந்தாயிரம் ரூபாய் விமான டிக்கெட் போட்டு வந்து நில் என்று மட்டும் சொல்லாதீர்கள். புதுப் படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். ‘வெளிநாடுவாழ் இந்தியர்’ என்று தலைப்பில் பார்த்ததும் இது எனக்கில்லை என்று எங்கள் ஆள் மடித்து வைத்துவிடுகிறார். ‘வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்’ என்று போடுங்கள்.

யார் போகிறார், எப்போது போகிறார் என்று தெரியாது என்ற பதில் வரலாம். தெரியும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சென்னையில் அதற்கு அலுவலகமே இருக்கிறது. அவருக்குப் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும் கட்டாயம். 2018-லிருந்து பயணத்துக்கு முன் ஒரு நாள் வழிகாட்டு வகுப்பும் நடத்துகிறார்கள். தமிழ்நாடு அரசுக்கு 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, இப்போது அயலகத் தமிழர் நல வாரியமும் இருக்கிறது, ஜனவரி 12-ல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். அந்த ஒரு நாள் வகுப்பில் அரை மணி நேரம் ஒரு வங்கிக்காரர் வந்து உட்கார்ந்து, அங்கேயே படிவத்தில் கையெழுத்து வாங்கினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஏஜென்டுக்குச் சட்டம் அனுமதித்த கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் ரசீது கேள் என்பதையும் அதே அரை மணியில் சொல்லிவிடலாம். பாதிப் பேர் முதல் வருஷம் அனுப்புவது அந்தக் கடனுக்குத்தான்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு எங்களைவிடக் கொஞ்சம் நல்ல காலம். 2023 பிப்ரவரியில் யூபிஐயும் அதைப் போன்ற அவர்களுடைய பேநவ்வும் இணைந்ததிலிருந்து போனிலேயே அனுப்ப முடிகிறது, தொடக்கத்தில் நாளுக்கு 60,000 ரூபாய் வரை. அப்படி ஒன்று வளைகுடாவுக்கும் முழுதாக வரும் என்று காத்திருக்கிறோம். வந்தாலும் ஊர்க் கணக்கில் பழைய எண்ணே இருந்தால் எங்கள் ஆளுக்கு அதனால் பயன் பாதிதான்.

அடுத்த காலாண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லா மாவட்டத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஆட்கள் அதிகம் வெளியே போகும் நாலைந்து மாவட்டங்களில் மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர்களிடம் கொடுத்து ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் எண்ணை மாற்றினார்கள், எத்தனை கணக்கு விழித்தது என்று அதற்கடுத்த கூட்டத்தில் எண்ணிப் பார்க்கலாம். படிவத்தின் தமிழ் எங்கள் ஆட்களுக்குப் புரிகிறதா என்று அச்சடிக்கும் முன் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கேம்புக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அறையில்தான் இருப்பார்கள், படித்துப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு டைம்கீப்பர்,
துபாய்.